இராக்கம்மாவின் நிரை நகர்ந்த கதை

லுணுகலையில் பஸ் ஏறி, கடைசித் தரிப்பில் இறங்கி, அங்கிருந்து முக்கால் மணி நேரம் மேட்டில் நடந்தால் கல்லுக்கட்டித் தோட்டம் வரும். அங்கே இராக்கம்மா என்ற பெயரில் மூன்று பேர் உண்டு. ஆனால் 'நேர் இராக்கம்மா' ஒருத்திதான். வயது ஐம்பத்திரண்டு. முப்பத்து நாலு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை. கொழுந்து பறிக்கும்போது செடியின் தலைமட்டம் பார்க்க மட்டக்கம்பு என்று ஒரு மெல்லிய கம்பை மேலே கிடத்துவார்கள். மற்றப் பெண்கள் கங்காணி வரும்போது மட்டும் கிடத்துவார்கள், இவள் யாருமே இல்லாத நேரத்திலும் கிடத்துவாள். புருசன் போய்ச் சேர்ந்து ஏழு வருடம், மகன் கொழும்பில் கடை வேலை. அவளுக்கு மிஞ்சிய சொத்து அந்த நேர்மை ஒன்றுதான், அதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

தலைக்கனம் இருந்தால் என்ன, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். யானைக்கும் அடி சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? இங்கே சறுக்கியது யானை இல்லை, அது நின்ற மலை. அதுதான் கதை.

தோட்டத்தில் தேயிலை நிற்கும் ஒவ்வொரு துண்டுக்கும் மலை என்றே பெயர். ஏழாம் நம்பர் மலை செங்குத்தான ஒரு சரிவு. அதன் வலப்பக்கம் ரோடு, இடப்பக்கம் ஓடை. தேயிலை நிரைகள் ரோட்டிலிருந்து ஓடை வரைக்கும் சரிவின் குறுக்கே படிப்படியாக ஓடும். சில வருடங்களுக்கு முன் தோட்டத்தில் புது முறை வந்தது. மலையைக் குடும்பத்துக்கு இத்தனை நிரை என்று பிரித்துக் கொடுத்து, நீங்களே பராமரித்து நீங்களே பறியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மேலேயிருந்து பதினோரு நிரை தவமணிக்கு விழுந்தது. பன்னிரண்டாம் நிரையிலிருந்து கீழே இராக்கம்மாவுக்கு. எல்லைக்கு அடையாளமாக ரோட்டோரத்தில் ஒரு கல்லை நட்டுச் சுண்ணாம்பு அடித்தார்கள். கல்லில் தொடங்கி நேரே ஓடை வரைக்கும் போ, அதுதான் உன் நிரை. கணபதி கங்காணி அளந்த அளவு அவ்வளவுதான்.

தவமணியும் இராக்கம்மாவும் உறவுமுறையில் மதினிமார். ஒருத்தி வீட்டு ரொட்டி மற்றவள் அடுப்பில் வேகும், அப்படி ஒரு பழக்கம். வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளை லயம் என்பார்கள், இராக்கம்மா இருந்தது ரோட்டை ஒட்டிய மேட்டு லயத்தில். தவமணி இருந்தது ஓடைப் பக்கம், ஏழாம் மலைக்கு நேர் அடியில் இருக்கும் கீழ் லயத்தில். பதினாலு குடும்பம் அங்கே. தவமணி வாய் திறந்தால் பதினாலு வீடும் கேட்கும்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு காலையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டு போனார்கள். மலையின் நடுவில் ஒரு வெடிப்பு, பழைய வடிகால் காண் மாதிரி, மேலிருந்து கீழாக ஓடும். அதைத் தாண்டி இராக்கம்மா நேரே போய்ப் பறித்துக்கொண்டிருந்தபோது தவமணி நின்றுவிட்டாள்.

"மதினி, அது என் செடி."

கல்லிலிருந்து நேராக வந்தேன், நேராகப் பறிக்கிறேன், உன் செடிக்கு இங்கே என்ன வேலை என்றாள் இராக்கம்மா. தவமணி வெடிப்புக்கு அந்தப் பக்கம் மேலேயிருந்து நிரையை எண்ணிக் காட்டினாள். இராக்கம்மா நிற்பது பதினோராவது. இராக்கம்மா ரோட்டுப் பக்கத்திலிருந்து எண்ணிக் காட்டினாள். அங்கே பன்னிரண்டு. இரண்டு பேரும் இரண்டு முனையிலிருந்து எண்ணினார்கள், இரண்டு பேர் கணக்கும் சரி. நடுவில் வெடிப்பைத் தாண்டும் இடத்தில் ஒரு நிரை குறைகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்? செடி நடந்து போகும் என்று எந்தப் பாவி நினைப்பான்?

பேச்சு வளர்ந்தது. திருட்டுக் கொழுந்து என்ற ஒரு சொல் தவமணியின் வாயிலிருந்து விழுந்தது. இராக்கம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. அன்று பின்னேரமே மாரியம்மன் கோயில் வாசலில் ஊரைக் கூட்டி, கற்பூரம் ஏற்றி, "அடுத்த வீட்டுச் செடியில நான் கை வைக்கல. வச்சிருந்தா இந்தக் கை விளங்காமப் போகட்டும்" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். கற்பூரச் சத்தியத்துக்கு மேலே தோட்டத்தில் அப்பீல் கிடையாது. ஆகவே பொய் சொன்னவள் தவமணி என்று தீர்ந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் தவமணிக்குப் பின்னால் அந்தப் பேச்சு போய்க்கொண்டே இருந்தது.

இராக்கம்மா அத்தோடு விடவில்லை. எல்லையை நிரந்தரமாக்கவேண்டும் என்று நட்டால் வேர்விட்டு மரமாகும் கிளிசரியாக் கம்புகள் மூன்றைக் கயிறு பிடித்து ஒரே கோட்டில் நட்டாள். வெடிப்புக்கு இந்தப் பக்கம் ரோட்டோரமாக இரண்டு, அந்தப் பக்கம் ஓடையோரமாக ஒன்று. அந்த வருட மழை முடிந்து பார்த்தால் அந்தப் பக்கத்துக் கம்பு கோட்டை விட்டுக் கீழே விலகி நின்றது. தவமணி பிடுங்கி மாற்றி நட்டுவிட்டாள் என்று இராக்கம்மா முடிவு கட்டினாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற கட்சி அவள். எல்லையை இராக்கம்மாவின் பக்கமாகக் கீழே தள்ளி நட்டால்தானே தவமணிக்கு லாபம், கணக்கும் பொருந்தியது. சண்டை போடப் பிடிக்காமல் அந்தத் திசையைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். வெடிப்பை ஒட்டிய செடிகளை இருவருமே தொடவில்லை. அவை ஆளுயரத்துக்கு வளர்ந்து எல்லாவற்றையும் மறைத்தன.

அந்த வெடிப்பில் ஒரு பள்ளம் இருந்தது. மேலே ஒரு பெரிய பாறையை ஒட்டியே இறங்கும் வெடிப்பு, பாறை முடிந்ததும் ரோட்டுப் பக்கமாக ஐந்தாறு எட்டு விலகி, மறுபடி நேரே கீழே போகும். அந்த விலகிய இடத்தில்தான் பள்ளம். மழைக்கு அதில் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு வருடமும் துரை சுற்றிப் பார்க்க வருமுன் கணபதி கங்காணி ஆள் வைத்து அதை நிரப்புவார். அடுத்த மழைக்கு அது மறுபடி அமுங்கி நிற்கும். சரியான பேய்ப்பள்ளம் என்று திட்டிக்கொண்டு மறுபடி நிரப்புவார். நோயைக் கேட்காமல் மருந்து போட்டுக்கொண்டே இருந்தார் மனுசன்.

இந்த வருடம் புரட்டாதி மாதம் கீழ் லயத்துச் சுவர்களில் கீறல் விழுந்ததைப் பார்க்க பதுளையிலிருந்து ஜிப்னா வந்தாள். மண்சரிவு பார்க்கும் அலுவலகத்தில் வேலை. பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் நஸீர் ஹாஜியாரின் மகள். இருபத்தொன்பது வயது, தலையில் முக்காடு, காலில் முழங்கால் வரைக்கும் ரப்பர் சப்பாத்து. வழி காட்ட கணபதி கங்காணி இராக்கம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ஜிப்னா லயத்தைப் பார்த்த நேரத்தை விட அந்தப் பள்ளத்தைப் பார்த்த நேரம் அதிகம். இறங்கி, ஒரு பக்கத்தை மண்வெட்டியால் சுவர் மாதிரிச் செதுக்கினாள். உள்ளே மண் அடுக்கடுக்காக இருந்தது. செம்மண், அதன்மேல் பருமணல், அதன்மேல் வழவழப்பான களி. மறுபடி செம்மண், மணல், களி. செம்மண் கங்காணி கொட்டியது, மணல் முதல் மழை அடித்துக்கொண்டு வந்தது, களி மழை ஓய்ந்த பிறகு கலங்கல் தண்ணீரில் மெல்ல அடங்கியது என்று அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் அடியில் கறுத்த குச்சிகள் ஒரு அடுக்காகக் கிடந்தன. அது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. இராக்கம்மாவுக்குத் தெரிந்தது.

"கவ்வாத்துக் குச்சி, மிஸ். இந்த மலையைக் கவ்வாத்து வெட்டினது நாலு வருசத்துக்கு முந்தி, மாசி மாசம். வெட்டின குச்சியெல்லாம் இதுலதான் தள்ளினோம்."

குச்சிக்கு மேலே எண்ணினார்கள். நாலு செம்மண், நாலு மணல், நாலு களி. நாலு வருடம். அடியில் இருந்த முதல் வருடத்துக் கட்டு நாலு விரல் தடிப்பு. மேலே இருந்த போன வருடத்துக் கட்டு ஒரு முழத்துக்கு மேல். ஜிப்னா கங்காணியைப் பார்த்தாள். முதல் வருடம் பத்துக் கூடை மண் போதுமாக இருந்தது, போன வருடம் இரண்டு டிரக்டர் இறக்கினேன் என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பள்ளம் வருடத்துக்கு வருடம் வேகமாக அமுங்குகிறது.

இராக்கம்மாவுக்கு ஒரு சந்தேகம். பள்ளம் தோண்டாமல் எப்படிப் பள்ளம் வரும்? ஜிப்னா அவளிடமிருந்த பழைய படங்கைக் கேட்டாள், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் சாக்கு அது. கத்தரிக்கோலால் மேலிருந்து பாதி வரைக்கும் நேரே வெட்டி, ஒரு சாண் வலப்பக்கம் திருப்பி வெட்டி, மறுபடி நேரே கடைசி வரைக்கும் வெட்டினாள். துணிக்கடைப் பிள்ளை, வெட்டு சுத்தமாக விழுந்தது. இரண்டு துண்டையும் புல்லில் சேர்த்து வைத்து, வலத்துண்டை இராக்கம்மாவை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, இடத்துண்டை மெல்லக் கீழே இழுத்தாள். நேராக வெட்டிய இடத்தில் ஓரங்கள் உரசிக்கொண்டு நகர்ந்தன, ஒன்றும் ஆகவில்லை. திருப்பி வெட்டிய இடத்தில் மட்டும் வாய் திறந்தாற்போல் ஒரு ஓட்டை விழுந்து, புல் தெரிந்தது.

"ஒண்ணையொண்ணு உரசிக்கிட்டு நகந்தாலும் வெடிப்பு விலகின எடத்துல நெலம் இழுபட்டு அமுங்கும். மறுபக்கமா விலகியிருந்தா மண் நெருக்குப்பட்டு மேடு கட்டியிருக்கும்" என்றாள்.

உலகத்தில் பெரிய பெரிய நிலத்துண்டுகளே இப்படி ஒன்றையொன்று உரசி நகர்கின்றன என்றும், சாக்கடல் பிறந்ததும் இப்படித்தான் என்றும் சொன்னாள். வெடிப்பு விலகும் இடத்தில் நிலம் அமுங்கும், ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும், கொட்டக் கொட்ட அமுங்கும், லட்சக்கணக்கான வருடத்து மண் அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கும். அந்த அடுக்குகளைப் படித்துத்தான் பூமி எப்போது எவ்வளவு நகர்ந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். நம் பக்கத்தில் பூமி அப்படி நகரவில்லை, இது மலையின் மேல்தோல் மட்டும் வழுக்குவது. ஆனால் பள்ளம் பிறக்கிற விதம் ஒன்றே.

ஆனாலும் அவளுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. பள்ளத்தில் போட்ட மண் இறுகிச் சும்மா அமுங்கியிருக்கலாம். மலை வெடிப்பு நெடுகக் கீழே நகர்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் ஐப்பசி மழைக்கு முன் கீழ் லயத்து ஆட்களை வெளியேறச் சொல்லலாம். கருவி பொருத்தி அளக்க ஒரு மழைக்காலம் வேண்டும். அந்த மழையை மலை தாங்குமா என்பதுதான் கேள்வியே. பேசிக்கொண்டே செடிகளை விலக்கிப் பார்த்தவள் திரும்பி, அந்த மூன்று மரமும் யார் நட்டது என்று கேட்டாள்.

இராக்கம்மா நாலு வருடத்துக்குப் பிறகு அந்தத் திசையைப் பார்த்தாள். மூன்று கம்பும் மரமாகியிருந்தன. இந்தப் பக்கத்து இரண்டும் நட்ட இடத்தில் நின்றன. அந்தப் பக்கத்து மரம் கோட்டிலிருந்து, அன்று பார்த்ததை விடவும் வெகு கீழே நின்றது. தொடைப் பருமன் மரம். வேரோடு நிற்கும் அதைத் தவமணி அல்ல, எவளும் பிடுங்கி நட்டிருக்க முடியாது. ஜிப்னா டேப் பிடித்தாள். ஆறரை அடி.

முதலில் இராக்கம்மாவுக்குச் சந்தோசம்தான் வந்தது. நான் நேரே போனேன், நான் பொய் சொல்லவில்லை, மலையே சாட்சி என்று மனம் துள்ளியது. கை தானாகப் படங்குத் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தது. இழுத்தது. இடப்பக்கம் கீழே இறங்கினால் மேலே இருந்தது இவள் வரிசைக்கு வரும். தவமணியின் பதினோராம் நிரை சண்டைக்கு முன்பே பன்னிரண்டின் இடத்துக்கு வந்திருக்கிறது. அப்படியானால் அன்றைக்குப் பறித்தது தவமணியின் செடியைத்தான். கற்பூரம் அடித்தது பொய்யின் மேல். இராக்கம்மா படங்கைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழும்பச் சொல்லி இரண்டு தடவை ஜிப்னா கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

அன்று பின்னேரம் கீழ் லயத்து வாசலில் எல்லோரையும் கூட்டி ஜிப்னா விசயத்தைச் சொன்னாள். மழை தொடங்குமுன் பள்ளிக்கூடத்துக்கு மாறவேண்டும், கடிதம் நாளை வரும். யாரும் அசையவில்லை. கோழியும் தோட்டமும் சாமியும் இருக்கிற இடத்தை விட்டுப் பள்ளிக்கூடத்து வாங்கில் போய் யார் படுப்பது? எல்லோரும் தவமணியைப் பார்த்தார்கள். தவமணி இராக்கம்மாவைப் பார்த்தாள். நாலு வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேர்.

"மிஸ், மலை நகந்துச்சுன்னு நீங்க சொல்றீங்க. செடி அதது எடத்துலதான் நிக்குதுன்னு இவ மாரியம்மன் முன்னுக்குக் கற்பூரம் அடிச்சிருக்கா. இவ சத்தியம் மெய்யின்னா மலை நகரல, நாங்க எங்கயும் போகத் தேவையில்ல. மலை நகந்துச்சுன்னா இவ அடிச்சது பொய்ச் சத்தியம். ரெண்டுல எதுன்னு இவளே சொல்லட்டும். அப்புறம் நான் எழும்புறேன்."

அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. நாலு வருடம் பொய்க்காரி என்ற பேரோடு நடந்தவளுக்கு அதைக் கேட்க உரிமை இருந்தது. இராக்கம்மா யோசித்தாள். தெரியாமல் நடந்தது, மலை செய்தது என்று சுற்றி வளைத்துச் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் சத்தியம் மெய்யா பொய்யா என்ற விவாதம் விடியும் வரைக்கும் நடக்கும், லயம் எழும்பாது. பதினாலு வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நான் பறிச்சது ஒன் செடியத்தான். நான் அடிச்சது பொய்ச் சத்தியம்" என்றாள் இராக்கம்மா. "ஒன்னப் பொய்க்காரின்னு ஊரே சொன்னப்ப நான் வாயத் தொறக்கல. அதுக்கு மாரியாத்தா குடுக்குறத நான் வாங்கிக்கிறேன். நீ எழும்பு. புள்ளகுட்டியக் கூட்டிக்கிட்டு எழும்பு."

தவமணி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தபோது இடுப்பில் பாய்ச்சுருள், கையில் சாமிப்படம். அவள் வாசல் இறங்கியதும் பக்கத்து வீட்டுப் பெட்டி நகர்கிற சத்தம் கேட்டது, பிறகு அதற்கு அடுத்த வீட்டில். இரண்டு நாளில் பதினாலு வீடும் காலியாகிவிட்டன.

ஐப்பசி மழை தன் கணக்கில் வந்தது. பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு, மழைக்கு வேலை நின்று பெரட்டுக்களத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஏழாம் மலையின் ஓடைப்பக்கம் வெடிப்போடு அறுந்து இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. செடிகள் நின்ற வாக்கிலேயே சேர்ந்து நகர்ந்து போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கிளிசரியா மரம் போனது, பள்ளம் தன் அடுக்குகளோடு போனது, கீழ் லயத்தின் பதினாலு அறையும் மண்ணுக்குள் போனது. அறைகளில் ஒரு பூனைகூட இல்லை. தவமணி தன் வீடு இருந்த இடத்தைப் பார்த்தபடி நின்றாள். அழவில்லை, பேரப்பிள்ளையின் கையை மட்டும் விடவில்லை.

எல்லோரும் அவள் இராக்கம்மாவிடம் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார்கள். சொல்லவில்லை. இராக்கம்மாவும் போய்ப் பேசவில்லை. பொய்ச் சத்தியத்துக்குத் தண்டனை வரும் என்று காத்திருந்தாள். கொழுந்து பறிக்கையில் வலக்கை மரத்துப்போனால் அதுதான் என்று நினைத்துக்கொள்வாள். தன்னிடம் மிஞ்சிய ரோட்டுப்பக்கத்து நிரைகளில் பாதியைத் தவமணிக்கு எழுதும்படி கங்காணியிடம் சொன்னதை மட்டும் யாருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அதனாலேயே அடுத்த நாளே தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

தை மாதம் முதல் வெள்ளி, காலைப் பூசை முடிந்து ஆட்கள் கலையும் நேரம். இராக்கம்மா கோயில் வாசலில் ஓரமாக நின்றாள். சத்தியம் பொய் என்று ஒப்புக்கொண்ட நாளிலிருந்து அவள் உள்ளே போவதில்லை. தவமணி நேரே வந்து, அவள் காலடியில் இருந்த கல்லில் ஒரு கட்டிக் கற்பூரத்தை வைத்துப் பற்றவைத்தாள். அன்றைக்கு அணைத்த அதே கல். மறுபடி சத்தியம் கேட்கப் போகிறாள் என்று நினைத்து இராக்கம்மா அணைப்பதற்காக வலக்கையை நீட்டினாள். தவமணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் மதினி, அணைக்காத. இந்த வாட்டி அது தானா எரிஞ்சு முடியட்டும்."

கற்பூரம் எரிந்து முடிய எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரமும் இருவரும் அங்கேயே நின்றார்கள். பிறகு கூடைகளை எடுத்துக்கொண்டு ஏழாம் மலைக்கு ஏறினார்கள், ரோட்டோரத்து எல்லைக் கல்லிலிருந்து நிரையை எண்ணியது தவமணி.